பட்டதாரிப் பெண்ணுக்குப் பாடப்புறப் பணிகள் தரும் துணை



பட்டம் பெற்றுவிட்டால் வேலை தானாகவே வந்து சேரும் என்று நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. ஊருக்கு ஒருவர் இருவர் பட்டதாரியாக இருந்த நாளில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. இன்று நிலைமை வேறு. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வி பயில்வோர் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 28.4 என்ற அளவில் இருந்தனர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 47. பட்டம் பலருக்கும் எட்டியது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் பலர் கையிலும் பட்டம் இருக்கும்போது, அது ஒன்றே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

2024ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இன்னொரு கணக்கைத் தருகிறது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டு இளைஞருள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடாக இருந்தது. பட்டதாரி இளைஞரிடையே அது 29.1 விழுக்காடு. "அப்படியானால் படிக்காமல் இருப்பதே மேல்" என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. எழுத்தறியாதவர் அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும். கிடைத்த கூலிக்கு அவர் போயே தீர வேண்டும். படித்தவர் தம் படிப்புக்கேற்ற வேலையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் நீளத்தைத்தான் இந்த எண் நமக்குக் காட்டுகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பாடப்புறப் பணிகள் உதவுமா? விளையாட்டு, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணியம், பேச்சு, நாடகம், இசை, மன்றப் பொறுப்புகள் ஆகியவற்றையே பாடப்புறப் பணிகள் என்கிறோம். "உதவும், உதவும்" என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. "படிப்பைத்தான் கெடுக்கும்" என்று வீடுதோறும் சொல்லப்படுகிறது. இரண்டையும் அப்படியே ஏற்காமல், எங்கே உதவும், எந்த அளவுக்கு உதவும், எப்போது உதவாது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதியே இடம் தரும் பணிகள்

சில பணிகளுக்கு அரசு விதிகளே நேரடியாக இடம் தருகின்றன. அவற்றுள் முதலாவது விளையாட்டு. மத்திய அரசின் சில நிலைப் பணியிடங்களில் 5 விழுக்காடு வரை திறமை மிக்க விளையாட்டு வீரர், வீராங்கனையரைக் கொண்டு நிரப்ப விதி உண்டு. தமிழ்நாடு அரசும் 3 விழுக்காடு ஒதுக்கீட்டை ஏற்படுத்தியுள்ளது. இந்திய இரயில்வே நெடுங்காலமாகவே விளையாட்டு வீராங்கனையரைப் பணியில் அமர்த்தி வருகிறது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு நொடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்த பி.டி. உஷாவும், இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவியாக விளங்கிய மிதாலி ராஜும் இரயில்வேயில் பணியாற்றியவர்களே. ஆயினும் ஒன்றை மறந்துவிட வேண்டாம். இந்த ஒதுக்கீட்டுக்குப் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்ற பரிசு போதாது. அங்கீகாரம் பெற்ற உயர்மட்டப் போட்டிகளில் கலந்துகொண்டு, வெற்றியும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே இது சிலருக்கே உரிய வழி.

இரண்டாவது தேசிய மாணவர் படை. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்படையில் அடுத்த ஆண்டே, அதாவது 1949இல், மாணவியர் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. பள்ளியில் 'ஏ' சான்றிதழும், கல்லூரியில் 'பி', 'சி' சான்றிதழ்களும் தேர்வு வைத்து வழங்கப்படுகின்றன. பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் பெற்ற, 19 முதல் 25 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள், எழுத்துத் தேர்வு இல்லாமலேயே இராணுவ அதிகாரித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் தெரிவு பெற்றவர்கள் தேர்வு வாரியத்தின் முன் செல்கின்றனர். அங்கே 5 நாட்கள் ஆளுமையைச் சோதிக்கிறார்கள். குழுவாகச் சேர்ந்து ஒரு தடையைக் கடப்பது, ஒரு சிக்கலைப் பற்றிக் கலந்து பேசுவது, நாமே தலைமை ஏற்று மற்றவரை வழிநடத்துவது ஆகியவை அச்சோதனையில் அடங்கும். தேர்ச்சி பெறும் பெண்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் நம் சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் பெண்களுக்கான இடங்கள் மிகச் சிலவே. 'சி' சான்றிதழ் எழுத்துத் தேர்வு என்னும் வாயிலைக் கடக்க உதவுகிறது. 5 நாள் சோதனையில் நிற்பது நம் கையில்தான் இருக்கிறது.

நேர்முகத் தேர்வில்

விதியால் இடம் கிடைக்காத மற்ற வேலைகளின் நிலை என்ன? இந்திய ஆட்சிப் பணி முதலியவற்றுக்கான குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். முதன்மைத் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 1,750 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 275. ஆக மொத்தம் 2,025. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்ததற்காகவோ நாடகத்தில் நடித்ததற்காகவோ தனியே ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனால் அதற்கான விரிவான விண்ணப்பத்தில், பெற்ற பரிசுகள், ஆடிய விளையாட்டுகள், வகித்த பொறுப்புகள், பொழுதுபோக்குகள் ஆகியவற்றைக் குறிப்பிட இடம் உண்டு. தேர்வுக் குழுவினர் அத்தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் வினா தொடுக்கிறார்கள். அறிவுக் கூர்மை, தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல், நடுநிலையான முடிவு, பல துறை ஈடுபாடு, பிறரோடு இணைந்து செயல்படும் பண்பு, தலைமை, நேர்மை ஆகியவையே அவர்கள் தேடுபவை. நூலகத்தில் தனியே அமர்ந்து படிப்பதால் மட்டும் இவை அனைத்தும் வந்துவிடுவதில்லை.

வங்கித் துறையிலும் இதுபோன்ற நிலையே. ஸ்டேட் வங்கியின் பயிற்சி அதிகாரிகளுக்கான 2023ஆம் ஆண்டு அறிவிப்பில், எழுத்துத் தேர்வுகளுக்குப் பின் குழுப் பயிற்சிக்கு 20 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 30 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தன. கல்லூரிகளுக்கே வந்து ஆள் எடுக்கும் தனியார் நிறுவனங்கள் பலவும் குழு விவாதம் நடத்துகின்றன. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து பேசும்போது, வாயே திறக்காதவளும் தேர்வு பெறுவதில்லை. பிறரைப் பேசவே விடாதவளும் தேர்வு பெறுவதில்லை. பிறர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்து தன் கருத்தைத் தொடுத்துச் சொல்பவளே கவனம் பெறுகிறாள். வகுப்பு மன்றக் கூட்டங்களிலும் பட்டிமன்றங்களிலும் பழகியவளுக்கு அது புதிதன்று.

இவற்றிலிருந்து ஓர் உண்மையைத் தெளிவாக அறியலாம். முதல் வாயில் படிப்பே. 1,750 எங்கே, 275 எங்கே? எழுத்துத் தேர்வில் தேறாதவளை நேர்முகத்துக்கு அழைக்கவே மாட்டார்கள். அரியர் தாள்களைச் சுமந்துகொண்டிருப்பவளுக்கு எத்தனை கோப்பைகள் இருந்தும் பயனில்லை. பாடப்புறப் பணி படிப்புக்குத் துணையே தவிர, படிப்புக்கு மாற்று ஆகாது.

சான்றிதழும் செய்த வேலையும்

இரு மாணவியரை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியிடம் பதினைந்து சான்றிதழ்கள் இருக்கின்றன. கோலப் போட்டி, வினாடி வினா, ஒருநாள் கருத்தரங்கு, மாறுவேடம் என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தவள் அவள். மற்றவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று: நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈராண்டு பணி செய்ததற்கான சான்றிதழ். யாருடைய விண்ணப்பம் வலிமையானது?

விடை சொல்லுமுன் அந்தத் திட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு இத்திட்டம் தொடங்கப்பட்டது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்னும் பொருள் கொண்ட குறிக்கோளை உடையது. கோனாரக் சூரியன் கோயில் தேர்ச் சக்கரமே இதன் சின்னம். இதில் சேரும் மாணவி ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 7 நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்க வேண்டும்.

முகாமில் 50 மாணவியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. 7 நாளைக்கு 1,050 சாப்பாடு! சமையல் பொறுப்பை ஏற்ற மாணவி மதியச் சோற்றுக்கு மட்டும் தினம் 6, 7 கிலோ அரிசி அளந்து போட வேண்டும். காய்கறி வாங்கியதற்குச் சந்தைக்காரரிடம் துண்டுச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். கொடுத்த பணத்துக்குள் செலவை அடக்க வேண்டும். பாத்திரம் கழுவும் முறை வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் தோழியைக் கோபித்துக்கொள்ளாமல் எழுப்ப வேண்டும். மூன்றாம் நாள் மழை பெய்து விறகு நனைந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எந்த அலுவலகத்திலும் நாள்தோறும் தேவைப்படுவது இதுதான்: ஆளையும் பொருளையும் பணத்தையும் நேரத்தையும் இணைத்து ஒரு காரியத்தைக் கடைசி வரை முடித்துக் காட்டுவது.

"முகாமில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டால், இவள் பத்து நிமிடம் பேசுவாள், ஒவ்வொரு சொல்லும் தன் அனுபவத்திலிருந்து வரும். "கோலப் போட்டியில் கலந்துகொண்டதால் என்ன கற்றீர்கள்?" என்ற கேள்விக்கு முதல் மாணவி என்ன சொல்வாள்? கோலம் தாழ்ந்தது என்பதன்று. அதே மாணவி விடுதி விழாக்களுக்கெல்லாம் மூன்றாண்டு கோலக் குழுவை நடத்தி, இளையவர் பத்துப் பேரைப் பழக்கிவிட்டிருந்தால், அவள் பேச்சிலும் பொருள் இருக்கும். ஆக, எந்தப் பணி என்பதைவிட, அதில் எவ்வளவு காலம் நின்றோம், எந்தப் பொறுப்பைச் சுமந்தோம் என்பதே முக்கியம்.

எச்சரிக்கை தரும் ஓர் ஆய்வு

இங்கே கசப்பான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்ச்சிக் என்னும் இரு சமூகவியல் அறிஞர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கற்பனையான சட்டக் கல்லூரி மாணவர்களின் விண்ணப்பங்களைப் பெரிய சட்ட நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். கல்லூரியும் மதிப்பெண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றே. பெயரும், பாடப்புறப் பணி முதலிய சில வரிகளும் மட்டுமே வேறு. ஒரு பிரிவில் பாய்மரப் படகு, போலோ, மேல்தட்டு இசை. மற்றதில் ஓட்டப் பந்தயம், பொதுத்திடல் கால்பந்து, நாட்டுப்புற இசை. செல்வர் விளையாட்டைக் குறிப்பிட்ட ஆண்களுள் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நேர்முக அழைப்பு வந்தது. எளிய குடும்பத்து ஆண்களுக்கு நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. எளிய குடும்பத்துப் பெண்களுக்கு நூற்றுக்கு ஆறு அளவில் வந்தது. செல்வக் குடும்பத்துப் பெண்களுக்கோ நூற்றுக்கு நான்கு கூட எட்டவில்லை! 'வசதியான வீட்டுப் பெண். குடும்பம் என்று வந்தால் வேலையை விட்டுவிடுவாள்' என்ற எண்ணம் தேர்வாளர் சிலரிடம் இருந்தது பின்னர்த் தெரிய வந்தது.

அது அயல்நாட்டுச் சட்ட நிறுவனங்களைப் பற்றிய ஆய்வு. அதை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் அது புகட்டும் பாடம் நமக்கும் உரியது. பாடப்புறப் பணி ஆற்றலைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்கலாம். குடும்ப வசதியைக் காட்டும் விளம்பரப் பலகையாகவும் ஆகிவிடலாம். வீணை வகுப்புக்கும் டென்னிஸ் மட்டைக்கும் மாதாமாதம் பணம் கட்ட எத்தனை பெற்றோரால் இயலும்? கட்டணமின்றி எல்லா மாணவியருக்கும் கதவு திறந்திருக்கும் பணிகளான நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணியம், தமிழ் மன்றம், தடகளம் ஆகியவற்றைப் பள்ளிகளும் கல்லூரிகளும் பேணி வளர்ப்பது இதனாலேயே இன்றியமையாதது ஆகிறது.

நேரமே இல்லாத மாணவி

"பள்ளி விட்டதும் பேருந்தைப் பிடித்தாக வேண்டும், வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஏது மன்றமும் முகாமும்?" என்று கேட்கும் மாணவியர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இக்கட்டுரை என்ன சொல்கிறது?

உன் உழைப்பை நீயே குறைத்து மதிப்பிடாதே என்பதே முதலில் சொல்ல வேண்டியது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று தமிழகம் எங்கும் பரவியுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களில், தாயாருக்கு எழுதத் தெரியாததால் மகள் கணக்கு எழுதிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி என்ன, தவணை எப்போது என்று மாதந்தோறும் பிழையின்றி எழுதுபவள், வங்கி வேலைக்கான பயிற்சியை அன்றே தொடங்கிவிட்டாள். தந்தையின் மளிகைக் கடையில் மாலை நேரம் நிற்பவள், வாடிக்கையாளரிடம் பேசும் பக்குவத்தைப் பெறுகிறாள். தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மாலையில் பாடம் சொல்லித் தருபவள் ஆசிரியப் பணியின் அரிச்சுவடியைக் கற்றுக்கொள்கிறாள். இவற்றுக்குச் சான்றிதழ் இல்லை என்பது மெய்தான். ஆனால் நேர்முகத் தேர்வில் இவற்றைக் கூச்சமின்றி, உள்ளது உள்ளபடி எடுத்துச் சொல்லலாம். சொல்லத் தகுந்தவை இவை என்று அவளுக்கு எடுத்துக்காட்டுவது ஆசிரியரின் கடமை.

கல்லூரிக்குச் சென்ற பின் இன்னொரு வசதியும் உண்டு. தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பட்டப் படிப்பில் விரிவாக்கப் பணி 'பகுதி 5' என்னும் பெயரில் பாடத்திட்டத்துக்குள்ளேயே இடம் பெற்றிருக்கிறது. 2022 மார்ச் 1ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வழியாகவும் கல்லூரி மாணவியர் திறன் பயிற்சிகளைப் பெறுகின்றனர். நேரம் இல்லாதவர்கள் இவற்றையாவது வெறும் வருகைப் பதிவுக்காகச் செய்யாமல் ஊன்றிச் செய்தல் நலம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெற்றோரே, உங்கள் அச்சம் நியாயமானதே. படிப்புக் கெட்டுவிடுமோ, வீடு திரும்ப நேரமாகிவிடுமோ என்று கவலைப்படாத தாய் தந்தையர் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈராண்டுக்கு 240 மணி என்றால் ஓராண்டுக்கு 120 மணி. கல்லூரி நடைபெறும் வாரங்களை 30 என்று கொண்டால் வாரத்துக்கு 4 மணி நேரம். நாளொன்றுக்கு 40 நிமிடம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட இது அதிகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முகாமுக்கு அனுப்பத் தயங்கினால், பொறுப்பாசிரியரை நேரில் சந்தித்துக் கேளுங்கள்: எங்கே தங்குகிறார்கள், உடன் எத்தனை ஆசிரியைகள், இரவில் காவல் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது? கேட்பது உங்கள் உரிமை. விளக்கமாகப் பதில் சொல்வது அவர்கள் கடமை. பதில் மனநிறைவைத் தந்தால் அனுப்பி வையுங்கள். நாளை உங்கள் மகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துத் தனியே தங்க வேண்டி வரலாம். ஏழு நாள் வெளியூரில் தங்கிப் பழகாதவள் அன்று திடீரெனத் துணிவு பெறுவது எளிதன்று. மகனைத் திடலுக்கு அனுப்பிவிட்டு மகளை மட்டும் அடுப்படியில் நிறுத்தும் வீட்டில், நேர்முகத் தேர்வு வரும் நாளில் மகள் மட்டும் வாயடைத்து நிற்கிறாள் என்றால், குற்றம் அவளுடையது அன்று.

மாணவியர் மனத்தில் கொள்ள வேண்டியவை

1. ஒன்று அல்லது இரண்டு பணிகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றாண்டும் அதிலேயே நில்லுங்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.

2. முதலாண்டு உறுப்பினராக இருங்கள். இரண்டாமாண்டு ஏதேனும் ஒரு பொறுப்பைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாமாண்டு இளையவரைப் பழக்குங்கள்.

3. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், இடம், செய்த வேலை, உடன் இருந்தவர் எத்தனை பேர், செலவு எவ்வளவு, எதில் இடர் வந்தது, எப்படிச் சமாளித்தோம் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். மூன்றாண்டு கழித்து விண்ணப்பம் எழுதும்போது அது பெருந்துணையாகும்.

4. விண்ணப்பத்தில் 'சமூக சேவையில் ஆர்வம் உண்டு' என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். '50 பேர் கொண்ட முகாமில் 7 நாள் உணவுப் பொறுப்பு' என்று எழுதுங்கள். செய்ததை மட்டும் எழுதுங்கள். செய்யாததை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். அதன் பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்.

5. தேர்வு நெருங்கும் வாரங்களில் பாடத்துக்கே முதலிடம். பொறுப்பைச் சொல்லாமல் கைவிடாமல், முன்கூட்டியே தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு விலகுங்கள். அதுவும் ஒரு பயிற்சியே.

முடிவுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏடே இல்லாமல் சுரை விதைக்கும் முறையும் தெரியாது என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். படிப்பு ஒரு கை என்றால், பொறுப்பேற்றுச் செய்த வேலை மறு கை. பாடப்புறப் பணிகள் வேலையைக் கையில் கொண்டுவந்து தந்துவிடும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தில் மனம் தளராத பெண்ணை அவை உருவாக்கும், வேலை கிடைத்த பின், "இதை யார் செய்வது?" என்று மேலதிகாரி கேட்கும்போது, "நான் செய்கிறேன்" என்று முன்வரும் பெண்ணை உருவாக்கும்.

இந்த ஆண்டு பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியரே, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அங்கே பல பட்டியல்கள் தொங்கும். ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள். மூன்றாண்டும் அந்தப் பெயருக்குப் பொறுப்பாக இருங்கள். உங்கள் உழைப்பு உயர்வு தருவதாக!